சிம்பொனி கேட்கப் போகிறவர்களுக்கு: ஒரு மெட்டை மனத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்

"அக்கா, டிக்கெட் வாங்கிட்டேன். ஆனா இந்த இசையைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. வந்து உட்கார்ந்தா புரியுமா?"

எங்கள் இசைக்குழுவின் கச்சேரி நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுகிறார். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் ஒரு மாலை ஒத்திகைக்குப் போகிறவள் நான். ஒரு சமூக சிம்பொனி இசைக்குழுவில் இரண்டாம் வயலின் வரிசை என் இடம். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்வேன். யார் எந்த நூற்றாண்டு, எந்த வாத்தியத்துக்கு என்ன பெயர் என்று அடுக்குவேன். கேட்டவர் முகம் வாடிப்போகும். இப்போது ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன்: ஒரு மெட்டை மனத்தில் பிடித்து வைத்துக்கொள், அது திரும்பி வரும்போது அடையாளம் கண்டுகொள்.

சிம்பொனி கேட்பதில் மற்றதெல்லாம் இந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. கச்சேரிக்கு முந்தைய வாரம் நடக்கும் இசை ரசனை வகுப்பிலும் நாங்கள் பழக்குவது இதைத்தான். அடுத்து நாங்கள் வாசிக்கப்போவது அன்டொனின் த்வொர்ஷாக்கின் 9-ஆம் சிம்பொனி. 'புதிய உலகிலிருந்து' என்ற பெயரால் உலகம் அறிந்தது. உலகெங்கும் சமூக இசைக்குழுக்கள் விரும்பி எடுத்து வாசிக்கும் படைப்பு. அதையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன்.

சொல் இல்லாத இடத்தில்

பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சிம்பொனியில் முதலில் திகைப்பைத் தருவது அதன் நீளம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் நீளம் இரண்டாவதுதான். முதல் திகைப்பு, வரிகள் இல்லாதது. பாட்டில் பல்லவி திரும்ப வந்தால் அதன் சொற்களே நமக்குச் சொல்லிவிடும். சொல்லை எடுத்துவிட்டால், 'இது முன்பு கேட்டதுதான்' என்று காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், அவ்வளவே. அறிவோ படிப்போ தேவையில்லை.

சிம்பொனி என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் 'சேர்ந்து ஒலித்தல்' என்று பொருள். 18-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓபரா என்ற இசை நாடகங்களில், திரை விலகும் முன் வாசித்த முன்னிசையிலிருந்து இது வளர்ந்தது. வேகம், மெதுவு, மறுபடி வேகம் என்று மூன்று துண்டுகளாக அந்த முன்னிசை இருந்தது. பிறகு ஓபராவை விட்டுத் தனியே நடக்கத் தொடங்கி, இடையில் ஒரு நடனத் துண்டையும் சேர்த்துக்கொண்டு நான்கு பகுதிகள் கொண்ட வடிவமானது. இந்தப் பகுதிகளை மூவ்மென்ட் என்பார்கள். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்முன் சில நொடி அமைதி இருக்கும்.

இந்த வடிவத்துக்கு உரமிட்டவர் ஜோசப் ஹைடன். 1761-இல் எஸ்டர்ஹாசி என்ற பிரபுக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். எண் இடப்பட்ட சிம்பொனிகள் மட்டுமே 104 எழுதியிருக்கிறார். அவற்றில் 45-ஆவதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் நெகிழ்ச்சியாக இருக்கும். 1772-இல் இளவரசர் கோடைகால மாளிகையைவிட்டுக் கிளம்ப மனமில்லாமல் நாட்களைத் தள்ளிக்கொண்டே போனார். குடும்பத்தைப் பிரிந்து வந்திருந்த இசைஞர்கள் ஹைடனிடம் முறையிட்டார்கள். அவர் விண்ணப்பம் எதுவும் எழுதவில்லை. ஒரு சிம்பொனி எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் வாசிப்பவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். கடைசியில் இரண்டு வயலின்கள் மட்டும் மெல்ல ஒலித்து ஓயும். இளவரசருக்குப் புரிந்தது, மறுநாளே எல்லோரும் ஊர் திரும்பினார்கள். ஒரு சொல்கூட இல்லாமல் இசை எவ்வளவு தெளிவாகப் பேசிவிட முடியும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நினைவை வைத்துக் கட்டிய வீடு

சிம்பொனியின் முதல் பகுதி பெரும்பாலும் சொனாட்டா வடிவம் என்ற அமைப்பில் இருக்கும். பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். முதலில் ஒரு தீம் வரும். தீம் என்றால் படைப்புக்கு வித்தான ஒரு மெட்டு. சில நொடிகளே நீளும். பிறகு அதிலிருந்து வேறுபட்ட குணம் கொண்ட இன்னொன்று வரும். இது அறிமுகம். அடுத்து அந்த மெட்டுகள் உடைந்து, வேறு வாத்தியங்களுக்குக் கைமாறி, வேறு சுருதிகளில் அலையும். இது வளர்ச்சி. பிறகு முதலில் கேட்ட மெட்டு, முதலில் கேட்ட சுருதியில், வீடு வந்து சேர்வதுபோல் திரும்பும். இதை மீள்வருகை எனலாம்.

அந்த அலைச்சலின்போது மெட்டை மனத்தில் வைத்திருந்தவருக்குத்தான் திரும்பி வரும் கணத்தின் சுகம் கிடைக்கும். வைத்திராதவருக்கு அந்தக் கணம், மற்ற கணங்களோடு சேர்ந்து நழுவிப்போகும். 'சிம்பொனி எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

பேத்தோவனின் 5-ஆம் சிம்பொனி தொடங்கும் நான்கு சுரங்களைக் கேட்காதவர்கள் குறைவு: மூன்று குறில், ஒரு நெடில். மூன்று தட்டு, ஒரு நீட்டல். மெட்டு என்று சொல்லக்கூட முடியாத அந்தச் சிறு துணுக்கை வைத்து முதல் பகுதி முழுவதையும் கட்டியிருக்கிறார். மூன்றாம் பகுதியில் ஹார்ன் என்ற பித்தளைக் காற்று வாத்தியங்கள் அதே குறில் குறில் குறில் நெடிலை வேறு முகத்தோடு முழங்கும். முதல்முறை அதை நானாகவே கண்டுபிடித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை. 'அட, இது அதுதானே!' என்று பேருந்தில் உட்கார்ந்தபடி நிமிர்ந்தேன். இந்த 'அட'தான் எல்லாம்.

அந்தச் சிம்பொனி முதன்முதலில் ஒலித்தது 1808 டிசம்பர் 22 அன்று, வியன்னாவில், குளிர் உறைக்கும் ஓர் அரங்கில். ஏறக்குறைய நான்கு மணி நேரக் கச்சேரி. ஒத்திகை போதாமல் ஒரு படைப்பு நடுவில் தடம் புரண்டு, நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. ஒத்திகைக்கு நேரம் போதாமல் தவிக்கும் எந்தச் சமூக இசைக்குழுவுக்கும் இந்தச் செய்தி ஆறுதல் தரும். எங்களுக்குத் தந்திருக்கிறது.

ரசனை வகுப்பில் என்ன நடக்கும்

இசை ரசனை வகுப்பு என்றதும் பலருக்குப் பள்ளிக்கூட நினைவு வந்துவிடுகிறது. பாடம், குறிப்பு, தேர்வு. எதுவும் கிடையாது. இசைத்தாள் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாத்தியம் எதையும் தொட்டிருக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. அமெரிக்காவில் வால்டர் டாம்ராஷ் என்ற இசைக்குழு நடத்துநர் 1928 முதல் 1942 வரை வானொலியில் இசை ரசனை நிகழ்ச்சி நடத்தினார். பள்ளிகளில் வகுப்பறையிலேயே பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். பிறகு லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1958-இல் தொடங்கி 1972 வரை, நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவை மேடையில் வைத்துக்கொண்டே சிறுவர்களுக்கு விளக்கினார். அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பியானோவில் ஒரு துணுக்கை வாசித்துக் காட்டி, அதில் ஒரு சுரத்தை மாற்றி, மறுபடி வாசித்து, 'இப்போது என்ன ஆனது?' என்று கேட்கும் அவருடைய வழியைத்தான் இன்றைக்கும் நல்ல ஆசிரியர்கள் பின்பற்றுகிறார்கள்.

நல்ல வகுப்புக்கும் சுமாரான வகுப்புக்கும் எனக்குத் தெரிந்த வேறுபாடு ஒன்றுதான். சுமாரான வகுப்பில் இசையமைப்பாளர் எப்போது பிறந்தார், யாரைக் காதலித்தார், எப்படி இறந்தார் என்று ஒரு மணி நேரம் போய்விடும். இசை பத்து நிமிடம் ஒலிக்கும். நல்ல வகுப்பில் ஒரே எட்டுத் தாளச் சுற்றுகளை ஐந்து முறை கேட்க வைப்பார்கள். முதல்முறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை மெட்டை மட்டும். மூன்றாம் முறை அடியில் டபுள் பாஸ் என்ற மிகத் தாழ்ந்த குரல் தந்தி வாத்தியம் என்ன செய்கிறது என்று மட்டும். நான்காம் முறை நடுவில் உள்ள குரல்கள். ஐந்தாம் முறை மறுபடி சும்மா. அந்த ஐந்தாம் முறை கேட்கும்போது, முதல்முறை கேட்டதே அல்ல என்று தோன்றும். ஒலிநாடா மாறவில்லை, காது மாறிவிட்டது.

அடிக்குரலைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ராகத்தின் வளைவுகளைப் பின்தொடர்ந்து பழகிய காது எப்போதும் ஒற்றை இழையைத் தேடும். மேலை இசையில் பொருள் அந்த இழையில் மட்டும் இல்லை. ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களின் சேர்க்கையிலும் இருக்கிறது. இதை ஹார்மனி என்கிறார்கள். மேலே ஒரு சுரம் அசையாமல் நிற்கும்போது கீழே உள்ள சுரங்கள் மாறினால், அசையாமல் நிற்கும் அந்தச் சுரத்தின் நிறமே மாறிவிடும். ஒரே சேலையை வெயிலிலும் விளக்கிலும் பார்ப்பதுபோல. வகுப்பில் இதை ஒருமுறை பியானோவில் வாசித்துக் காட்டினால் போதும், ஆயுளுக்கும் மறக்காது.

வகுப்புக்கு வரும்முன் எதையும் படித்துவிட்டு வர வேண்டாம். நாலைந்து நாள், சமைக்கும்போதோ நடக்கும்போதோ சிம்பொனியின் இரண்டாம் பகுதியை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க முயன்று சலித்துப்போவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஹார்ன்கள் சொல்லும் முதல் மெட்டு

இனி எங்கள் சிம்பொனிக்கு வருகிறேன். த்வொர்ஷாக் செக் நாட்டவர். 1892-இல் நியூயார்க்கின் தேசிய இசைக் கல்லூரிக்கு இயக்குநராகப் போனார். அங்கே 1893-இல் எழுதியது இது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று கார்னெகி அரங்கில், ஆன்டன் சைடல் நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இதை அரங்கேற்றியது. நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல் நீளும்.

தொடக்கத்தில் செல்லோ என்ற தாழ்குரல் தந்தி வாத்தியங்கள் மெதுவாக, தாழ்வாக, ஏதோ யோசிப்பதுபோல் வாசிக்கும். அவசரப்படாதீர்கள், நாம் பிடிக்க வேண்டிய மெட்டு இன்னும் வரவில்லை. இரண்டு நிமிடம் போல் கழிந்து இசை வேகமெடுக்கும்போது, வயலின்களின் மெல்லிய நடுக்கத்துக்கு அடியிலிருந்து ஹார்ன்கள் எழும். ஏணியில் தாவி ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்கி வரும் மெட்டு. கிளாரினெட், பசூன் என்ற மரக் காற்று வாத்தியங்கள் அதற்குத் துள்ளலாக ஒரு பதில் சொல்லும். அந்த ஏற்றத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வாய்க்குள் பாடிப் பாருங்கள். மொத்தச் சிம்பொனிக்கும் சாவி அதுதான்.

பிறகு புல்லாங்குழலில் கனிவான இன்னொரு மெட்டு வரும். முதல் பகுதி முடியும்போது இரண்டும் உங்களுக்குப் பழகியிருக்கும்.

இரண்டாம் பகுதி லார்கோ. மிக மெதுவாக என்று பொருள். பித்தளை வாத்தியங்கள் சில கனத்த சேர்க்கைகளை ஒலித்துக் கதவு திறப்பதுபோல் திறக்க, ஒற்றை வாத்தியம் பாடத் தொடங்கும். அதன் பெயர் இங்கிலீஷ் ஹார்ன். அது ஹார்ன் அல்ல. ஓபோ குடும்பத்தைச் சேர்ந்த மரக் காற்று வாத்தியம். ஓபோவைவிட நீளம், ஓபோவைவிடத் தாழ்ந்த, சற்று மூக்கடைத்த குரல். வீட்டைவிட்டு வெகுதொலைவில் இருப்பவர்களுக்கு அந்த மெட்டு என்ன செய்யும் என்று நான் விளக்கப் போவதில்லை. ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது, பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட அடங்கிவிடுவார்கள்.

இந்த லார்கோவில்தான் நினைவுப் பயிற்சியின் முதல் பலன் இருக்கிறது. பகுதியின் பின்பாதியில், குழல்கள் பறவைகள்போல் கீச்சிட்டு இசை திடீரென்று பெருக, பித்தளை வாத்தியங்கள் ஒன்றை உரக்கச் சொல்லும். கேளுங்கள்: முதல் பகுதியில் ஏணியேறிய அதே மெட்டு. வேறொரு பகுதியிலிருந்து, அழைக்காமல், உள்ளே நுழைந்திருக்கிறது. சில நொடிதான். பிறகு இங்கிலீஷ் ஹார்ன் மறுபடி பாடும். அந்த மெட்டைத் தந்தி வாத்தியங்கள் வாங்கிக்கொள்ளும்போது, வாசிக்கும் ஆட்கள் குறைந்து, தொண்டை அடைத்தவர் பேசுவதுபோல் நடுநடுவே நின்றுவிடும். அந்த நிறுத்தங்களில் நடத்துநர் கையைத் தூக்கியபடி நிற்பார். அரங்கில் யாரும் அசைய மாட்டார்கள். கடைசிச் சேர்க்கையை டபுள் பாஸ்கள் மட்டும், மிகத் தாழ்வாக, தனியே வாசித்து முடிக்கும்.

மூன்றாம் பகுதி ஸ்கெர்ட்சோ, துள்ளல். டிம்பனி என்ற பெரிய முரசின் தட்டும் முக்கோணக் கம்பி வாத்தியத்தின் மணியொலியும் உற்சாகமாக இருக்கும். இதற்கு அதிகம் விளக்கம் தேவையில்லை. கால் தானாகத் தாளம் போடும். முடிவுக்கு அருகில் ஹார்ன்களைக் கவனியுங்கள். ஆம், மறுபடி அந்த ஏணி.

நான்காம் பகுதியில் தந்திகள் அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மாறி மாறித் தேய்த்து, வேகம் கூட்டிக்கொண்டே வர, ஹார்ன்களும் ட்ரம்பெட்களும் புதிய மெட்டு ஒன்றை முழங்கும். பிறகு நடப்பதை ஊர்த் திருவிழாவுக்கு எல்லாரும் வந்து சேர்வதோடுதான் ஒப்பிட முடியும். லார்கோவின் மெட்டு வேறு வேகத்தில் வருகிறது. ஸ்கெர்ட்சோவின் துண்டுகள் எட்டிப் பார்க்கின்றன. லார்கோவைத் திறந்த அந்தக் கனத்த சேர்க்கைகள், அங்கே மெதுவாகக் கேட்டவை, இங்கே முழுக் குரலில் இடிக்கின்றன. முதல் பகுதியின் ஏணி மெட்டும் இந்தப் பகுதியின் மெட்டும் கடைசியில் ஒன்றாகின்றன. நாற்பது நிமிடத்துக்குமுன் கேட்டதை நினைவில் வைத்திருப்பவருக்கு இது எப்படி ஒலிக்கும், வைத்திராதவருக்கு எப்படி ஒலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. இந்தச் சிம்பொனி முழுவதிலும் ஜால்ராவுக்கு ஒரே ஒரு தட்டுதான். கடைசிப் பகுதியில், அதுவும் அடக்கமாக. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். அந்த ஒரு தட்டுக்காக ஜால்ரா வாசிப்பவர் எல்லா ஒத்திகைக்கும் வந்து, எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கச்சேரியன்று அவர் எழுந்து நிற்பதைப் பாருங்கள்.

யார் எங்கே, ஏன்

மேடையில் முன்னால் விசிறிபோல் விரிந்திருப்பவை தந்தி வாத்தியங்கள்: முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ். நடுவில் மரக் காற்று வாத்தியங்கள்: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன். அவற்றின் பின்னே ஹார்ன், ட்ரம்பெட், ட்ராம்போன், ட்யூபா. கடைசியில் தாள வாத்தியங்கள். சத்தம் குறைந்தவை முன்னால், கூடியவை பின்னால். வயலின்கள் அத்தனை பேர் இருப்பதற்கும் இதே காரணம்: ஒரு ட்ரம்பெட்டின் எதிரே ஒற்றை வயலின் காதில் விழாது.

முதல் வயலினும் இரண்டாம் வயலினும் வாத்தியத்தில் ஒன்றேதான். வாசிக்கும் வரிகள் வேறு. மெட்டு பெரும்பாலும் முதல் வரிசைக்குப் போகும். நாங்கள் நடுவில் இருந்து நிரப்புகிறோம், நடுக்கம் கொடுக்கிறோம், தாளத்தை ஓட்டுகிறோம். ஹார்ன்களின் அந்த முதல் மெட்டுக்கு மேலே ஒரு மெல்லிய படபடப்பு இருக்கும் என்றேனே, அதில் நாங்களும் இருக்கிறோம். த்வொர்ஷாக்கே இளம் வயதில் பிராக் நகர அரங்கின் இசைக்குழுவில் சுமார் ஒன்பது ஆண்டுகள் வியோலா வாசித்தவர். நடுக்குரல்களுக்கு அவர் எழுதியதை வாசிக்கும்போது, இந்த மனிதர் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும்.

கச்சேரி தொடங்கும்முன் ஓபோ ஒரு சுரத்தை நீட்டும். எல்லாரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். நொடிக்கு 440 அதிர்வு என்று 1939-இல் லண்டனில் நடந்த மாநாட்டில் ஒப்புக்கொண்ட சுரம் அது. ஓபோவின் குரல் கூர்மையானது, கூட்டத்தை ஊடுருவும், அதனால் அந்தப் பொறுப்பு அதற்கு. கலைந்து கிடந்த ஒலியெல்லாம் அந்த ஒரு சுரத்தை நோக்கி ஒதுங்குவதைக் கேட்பதற்காகவாவது நேரத்தோடு வந்து உட்காருங்கள்.

நடத்துநர் தாளம் மட்டும் போடுகிறார் என்று நினைப்பவர்கள் உண்டு. மேடையில் அவர் ஒருவர் முன்புதான் எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒரே பக்கத்தில் இருக்கும் ஸ்கோர் இருக்கிறது. என் முன்னால் என் வரி மட்டுமே. அடுத்த வரிசை என்ன செய்யப்போகிறது என்று எனக்கு அவர் கண்தான் சொல்ல வேண்டும். அவருடைய வேலையில் முக்கால்வாசி ஒத்திகையிலேயே முடிந்துவிடும்.

சமூக இசைக்குழு

இங்கே வாசிப்பவர்கள் இதைத் தொழிலாகச் செய்பவர்கள் அல்லர். மருத்துவர், ஆசிரியர், கணக்கர், கல்லூரி மாணவர், ஓய்வு பெற்றவர் என்று எல்லா வகையினரும் இருப்பார்கள். நடத்துநருக்குப் பெரும்பாலும் ஊதியம் உண்டு. மற்றவர்கள் விரும்பி வருகிறவர்கள். பல குழுக்களில் உறுப்பினர் கட்டணத்தைத் தாங்களே கட்டுகிறார்கள். ஆண்டில் மூன்று நான்கு கச்சேரி. ஒவ்வொன்றுக்கும் சில வார ஒத்திகை.

வயலின் எத்தனை பேர் வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஓபோ, பசூன், வியோலா கிடைப்பதுதான் பாடு. காற்று வாத்தியங்களில் ஒவ்வொருவருக்கும் தனி வரி. ஒருவர் வராவிட்டால் அந்த வரி இசையிலிருந்து அப்படியே காணாமல் போகும். பசூன் வாசிப்பவருக்குச் சளி பிடித்தால் குழு முழுவதும் கவலைப்படும்.

தேர்ந்த இசைக்குழுவின் துல்லியம் இங்கே இருக்காது. இதை மறைக்க மாட்டேன். கடினமான இடத்தில் வயலின்கள் ஒரு மயிரிழை பிசகலாம், ஹார்ன் ஒரு சுரத்தை உடைக்கலாம். ஆனாலும் முதல்முறை கேட்பவரை நான் இங்கேதான் வரச் சொல்வேன். காரணம் அருகாமை. அரங்கு சிறியது, வில் தந்தியில் உரசும் ஒலி, ஊதுமுன் இழுக்கும் மூச்சு எல்லாம் கேட்கும். ஒரே இசைத்தாள் தாங்கியைப் பார்த்து வாசிக்கும் இருவரில் உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்திப் பக்கம் புரட்ட, மற்றவர் விடாமல் வாசிப்பதைப் பார்க்கலாம். மெட்டு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். பதிவில் கேட்கும்போது கிடைக்காத உதவி இது.

அரங்கில்

நிகழ்ச்சி நிரலில் வழக்கமாக முதலில் பத்து நிமிட முன்னிசை ஒன்று, பிறகு ஒரு கான்செர்ட்டோ, இடைவேளைக்குப்பின் சிம்பொனி என்று இருக்கும். கான்செர்ட்டோ என்பது ஒற்றை வாத்தியமும் முழுக் குழுவும் எதிரெதிர் நின்று பேசுவது. நிரலில் ஒவ்வொரு பகுதிக்கும் நேரே இருக்கும் அலெக்ரோ, லார்கோ என்பவை வேகக் குறிப்புகள். மொத்தம் எத்தனை பகுதி என்று அவற்றை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்.

எப்போது கைதட்டுவது என்ற அச்சம் எல்லாருக்கும் இருக்கிறது. சிம்பொனியின் நான்கு பகுதிகளும் முடிந்தபின் தட்டுவது இன்றைய வழக்கம். இது என்றும் இருந்த விதியல்ல. 1778-இல் பாரிஸிலிருந்து மோட்சார்ட் எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனியின் நடுவிலேயே, தான் எதிர்பார்த்த இடத்தில் மக்கள் கைதட்டியதை மகிழ்ச்சியோடு சொல்கிறார். எங்கள் த்வொர்ஷாக் அரங்கேற்றத்தின்போதும் ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் கரவொலி எழுந்தது; அவர் எழுந்து வணங்க வேண்டியிருந்தது. ஆகவே நடுவில் யாராவது தட்டிவிட்டால் அவரைத் திரும்பி முறைக்காதீர்கள். மேடையில் இருக்கும் எங்களுக்கு அதில் வருத்தமே இல்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொறுத்திருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிம்பொனியின் கடைசிச் சேர்க்கை. முழுக் குழுவும் ஓங்கி ஒலித்ததும் எல்லாம் முடிந்ததுபோல் இருக்கும். கை தானாக எழும். முடியவில்லை. தந்திகளான எங்கள் வில் இறங்கிவிடும். காற்று வாத்தியங்கள் மட்டும் அந்தச் சேர்க்கையை விடாமல் பிடித்து, மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே போகும். எந்த நொடியில் ஒலி நின்று அமைதி தொடங்கியது என்று சொல்ல முடியாது. நடத்துநரின் கை அந்தரத்திலேயே இருக்கும். அந்த நேரத்தில் நாங்களும் வயலினை மடியில் வைத்துவிட்டு உங்களோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். அவர் கை கீழே இறங்கட்டும். பிறகு தட்டுங்கள்.